பிரேக் மிதித்தால் உதறல்: டிஸ்க் மாற்றியும் திரும்ப வருவது ஏன்?

பத்துப் பதினைந்து வயதான கார். பிரேக் மிதித்ததும் ஸ்டீயரிங் உதறுகிறது. "டிஸ்க் பெண்டு", அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு வளைந்துவிட்டது என்று சொல்லி லேத்தில் கொடுத்து சீவுகிறார்கள், அல்லது புதிதாகவே மாற்றிவிடுகிறார்கள். உதறல் போய்விடுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே வேகத்தில் அதே உதறல் வந்து நிற்கிறது. இப்படித் திரும்பி வரும் உதறலில் டிஸ்க் பெரும்பாலும் அடி வாங்கியது மட்டுமே. அடித்தது அதன் பின்னால் இருக்கிறது: துருவேறிய ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி), இறுகிப்போன காலிப்பர் (பிரேக் கட்டைகளான பேடுகளை டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்தும் பிடி), கண்டபடி முடுக்கிய வீல் நட்டு. அதைக் கண்டுபிடிக்காமல் டிஸ்க்கை மாற்றினால் இன்னொரு டிஸ்க்கும் அதே வழியில் கெடும்.

டிஸ்க் உண்மையிலேயே சூட்டில் வளைந்து கோணலாவது அரிது. நடப்பது வேறு. டிஸ்க் ஹப்பின் மேல் நூல் பிடித்தாற்போல் உட்காராமல் மிக லேசாகச் சாய்ந்திருக்கும். பிரேக் மிதிக்காத நேரத்திலும் சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போது அதன் ஒரு பகுதி பேடை உரசிக்கொண்டே போகும். உரசும் இடம் மட்டும் தேயும். வெளிப்பக்க பேடு ஓரிடத்தைத் தேய்க்கும், உள்பக்க பேடு அதற்கு நேர் எதிரே தேய்க்கும். கொஞ்ச நாளில் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இருக்காது. மெல்லிய இடம் வரும்போது பேடு உள்ளே போகிறது, தடித்த இடம் வரும்போது வெளியே தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல்தான் பெடலில் துடிப்பாகவும் ஸ்டீயரிங்கில் உதறலாகவும் தெரிவது. 0.02 மி.மீ. தடிமன் வித்தியாசமே பல கார்களில் கைக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து "டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதில் பொருளே இல்லாதது இதனால்தான்.

ஓட்டிப் பார்த்துப் பிரித்தெடுப்பது

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆளில்லாத நேரான சாலையில் ஓட்டிப் பாருங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். 100 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக மிதித்து 30 வரை கொண்டுவாருங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். பிறகு 60-லிருந்தும் அதேபோல்.

*பிரேக் தொடாமலே அதிர்கிறது.* அது பிரேக் அல்ல. வீல் பேலன்ஸ், டயரில் வீக்கம், வளைந்த ரிம் ஆகியவற்றை முதலில் சரி செய்யுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் அதிர்ந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டைப் பாருங்கள். இவற்றை வைத்துக்கொண்டு பிரேக்கைச் சோதித்தால் எதிலிருந்து எது வருகிறது என்று தெரியாது.

*ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறுகிறது.* முன் டிஸ்க்குகள். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இப்படித்தான் தெரியும்.

*சீட்டும் தரையும் அதிர்கின்றன, ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது.* பின்பக்கம். டிஸ்க்குக்குப் பதில் டிரம்மாக (ஷூக்கள் உள்ளிருந்து அழுத்தும் பிரேக் உருளை) இருந்தால் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறது.

*பெடல் காலைத் தள்ளுகிறது.* தடிமன் வித்தியாசம், அல்லது ஓவலான டிரம். முன்பக்கமா பின்பக்கமா என்பதை ஸ்டீயரிங்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெடல் மட்டும் துடித்தால் எந்தச் சக்கரமாகவும் இருக்கலாம்.

*வேகம் குறையக் குறைய அதிர்வின் தாளமும் மெதுவாகிறது.* சுற்றும் பொருளில்தான் கோளாறு. டிஸ்க், டிரம், ஹப் இவற்றில் ஒன்று.

*நிற்கப்போகும் கடைசி நொடிகளில் மட்டும் பெடல் கரகரவென்று துடிக்கிறது.* 15 கி.மீ. வேகத்துக்குக் கீழே, லேசாக மிதித்தாலே, காய்ந்த நல்ல சாலையிலும் இப்படி ஆனால் டிஸ்க்கை மறந்துவிடுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) தேவையில்லாமல் வேலை செய்கிறது. பழைய காரில் சக்கர சென்சார் உட்காரும் இடத்தில் துரு பிதுங்கி, சென்சாரை அது படிக்கும் பல் வளையத்திலிருந்து தள்ளிவிடும். அல்லது பல் வளையத்தில் விரிசல் விழுந்திருக்கும். வேகம் குறையும்போது சிக்னல் பலவீனமாகி, சக்கரம் பூட்டிக்கொண்டது என்று கட்டுப்பாட்டுக் கருவி தவறாக நினைத்துக்கொள்ளும். ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். துடிப்பு நின்றுவிட்டால் சென்சார் பக்கம் போகலாம். ஃபியூஸைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

*காலையில் முதல் சில மிதிப்பில் மட்டும்.* மழையில் நனைந்து நின்ற காரில் பேடின் அடியில் இருந்த பகுதியும் வெளியே இருந்த பகுதியும் ஒரே மாதிரி துருப்பிடிக்காது. சில கிலோமீட்டரில் சரியாகிவிட்டால் விடுங்கள். மாதக்கணக்கில் நின்ற காரில் மட்டும் இந்தத் துரு பள்ளமாகவே தங்கிவிடும்.

எவ்வளவு நாளில் திரும்பி வருகிறது?

இந்தக் கேள்விக்கான பதில் பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் பட்டறையில் இதை யாரும் கேட்பதில்லை. பழைய பில்களில் இருக்கும் கிலோமீட்டரை எடுத்துப் பாருங்கள்.

டிஸ்க் மாற்றிய அன்றே உதறல் இருந்தால், டிஸ்க் உட்கார்ந்த விதம் மோசம், அல்லது கோளாறு டிஸ்க்கிலேயே இல்லை. தவறான சக்கரத்தில் வேலை நடந்திருக்கலாம். முன்பக்கம் மாற்றியிருப்பார்கள், ஓவலானது பின் டிரம்மாக இருக்கும்.

சில நூறு கிலோமீட்டரில் வந்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். புது பேடைப் பதப்படுத்தாமல் (கடைசியில் சொல்லும் முறையில் மிதமாக மிதித்துப் பழக்காமல்) மலை இறக்கத்தில் அழுத்திவிட்டு, சூடாக இருக்கும்போதே பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் வடிவம் அப்படியே டிஸ்க்கில் பதியும்.

5,000 முதல் 10,000 கி.மீ.க்குள் மெல்ல மெல்ல வளர்ந்து வந்தால் மேலே சொன்ன சாய்வுதான். ஹப், நட்டு, பேரிங் மூன்றையும் பார்த்தாக வேண்டும். திரும்பத் திரும்ப வரும் உதறலில் இந்த வகைதான் மிகுதி.

வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒன்றுமில்லை, அரை மணி நேரம் ஓடியபின் வருகிறது என்றால் ஏதோ ஒரு பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. காலிப்பர் நழுவும் ஸ்லைடு பின், பேடைத் தள்ளும் பிஸ்டன், திரவம் வரும் பிரேக் ஹோஸ் என்று தேடுங்கள்.

டயர் கழற்றி மாட்டிய சில நாளில் ஆரம்பித்திருந்தால் நட்டுகளைக் கண்டபடி முடுக்கியிருக்கிறார்கள். ஏர் கன்னில் ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் டிஸ்க்கின் நடுப்பகுதி ஒரு பக்கமாக இழுபடும். உடனே எல்லா நட்டையும் தளர்த்தி, சரியான அளவில் முடுக்கினால் சில சமயம் அதோடு தீர்ந்துவிடும். அப்படியே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டால் தேய்மானம் நிரந்தரமாகிவிடும்.

டிஸ்க்கைக் கழற்றும் முன் அளந்துவிடுங்கள்

கழற்றிவிட்டால் ஆதாரம் போய்விடும். எனவே முதல் அளவு வண்டியில் இருக்கும்போதே. தேவையானவை: 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ், காந்த ஸ்டாண்டு, 0.001 மி.மீ. வரை படிக்கும் மைக்ரோமீட்டர், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு. வெர்னியர் இங்கே உதவாது. அதன் நுணுக்கமும் போதாது, டிஸ்க் ஓரத்தில் நிற்கும் தேயாத விளிம்பில் தட்டிக்கொண்டு பொய்யான தடிமன் காட்டும்.

சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு அடைக்கட்டை கொடுத்து, தூக்கியபின் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். பழைய பேடுகளிலும் ஷூக்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும் முன்பே மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதைத் தீர்க்காமல் எடுக்கும் எந்த அளவும் செல்லாது. பழைய டேப்பர் ரோலர் பேரிங்காக இருந்தால் முறைப்படி முடுக்கிச் சரிசெய்யலாம். ஒரே துண்டாக வரும் பேரிங்கில் ஆட்டம் வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

சக்கரம் கழன்றதும் டிஸ்க் தளர்ந்துவிடும். எல்லா நட்டையும் தலைகீழாகவோ தடித்த வாஷர் கொடுத்தோ மாட்டி, டிஸ்க் ஹப்போடு ஒட்டும்படி ஒரே அளவில் முடுக்குங்கள். 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் போதும். டயல் கேஜின் ஸ்டாண்டை அசையாத இடத்தில், ஸ்டீயரிங் நக்கிளிலோ ஸ்டிரட்டிலோ, பிடிக்கவையுங்கள். முனை டிஸ்க்கின் வெளி ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே நேர்செங்குத்தாகத் தொட வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, டிஸ்க்கைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் போன அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ரன் அவுட். மேடான இடத்தில் சாக்பீஸால் டிஸ்க்கிலும், அதற்கு நேராக ஹப் ஸ்டட்டிலும் (வீல் நட்டு ஏறும் மரைக்கம்பி) ஒரு குறி போடுங்கள். இந்தக் குறி பிறகு தேவைப்படும்.

உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் எல்லைதான் கணக்கு. பொதுவாக 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. சில புத்தகங்கள் 0.10 வரை அனுமதிக்கின்றன. ஆனால் ஏற்கெனவே இரண்டு டிஸ்க்கைத் தின்ற வண்டியில் 0.10-ஐ ஏற்றுக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல. 0.05-க்குக் கீழே கொண்டுவரப் பாடுபடுங்கள்.

அடுத்தது தடிமன். ஓரத்திலிருந்து அதே 10 மி.மீ. உள்ளே, 45 பாகைக்கு ஒன்றாக எட்டு இடங்களில் மைக்ரோமீட்டரை வைத்து எண்களை எழுதுங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 0.015 மி.மீ.க்கு மேல் போனால் உதறல் வருவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. எண்களின் வரிசை இன்னொன்றையும் சொல்லும். ஒன்றுக்கொன்று எதிரே இரண்டு இடங்களில் மெலிந்திருந்தால் பெரும்பாலும் ரன் அவுட்டின் கைவரிசை. ஒழுங்கில்லாமல் அங்கங்கே தடித்து, அந்த இடங்கள் நீலம் பூத்தோ கருத்தோ தெரிந்தால் அதிகச் சூடு அல்லது பேடின் படிவு.

நீலத் திட்டு இருக்கும் டிஸ்க்கைச் சீவிப் பயன்படுத்துவது பெரும்பாலும் வீண். அந்த இடத்தில் வார்ப்பிரும்பின் அமைப்பே மாறி, சுற்றியுள்ளதைவிடக் கடினமாகியிருக்கும். மேலே சீவினாலும் கடினம் அடியில் மிச்சம் இருக்கும். மற்ற இடம் தேய, இது தேயாமல் மேடாக நிற்கும். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஹப் முகத்தில் இருக்கிறது சங்கதி

காலிப்பரை அவிழ்த்தால் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள். டிஸ்க் வெளியே வந்ததும் ஹப்பின் தட்டை முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பழைய காரில் நடுக் கழுத்தைச் சுற்றியும் ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் துரு செதில் செதிலாக ஏறியிருக்கும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லாதது போலத்தான் தெரியும். கணக்குப் போட்டால் புரியும்: 130 மி.மீ. அகலமுள்ள ஹப்பின் ஒரு ஓரத்தில் 0.05 மி.மீ. செதில் ஒன்று சிக்கினால், 240 மி.மீ. விட்டத்தில் அளக்கும்போது டிஸ்க் 0.09 மி.மீ.க்கு மேல் ஆடும். ஒரு தாளின் தடிமன் அவ்வளவுதான். அந்த ஒரு செதில் போதும் புது டிஸ்க்கைக் கெடுக்க.

சுத்தம் செய்வதில் கம்பி பிரஷ்ஷால் நான்கு தேய்ப்பு தேய்த்துவிட்டு நிறுத்துவதுதான் வழக்கம். அது பளபளப்பாக்கும், துருவை எடுக்காது. முதலில் தட்டையான ஸ்கிராப்பரால் செதிலைச் சுரண்டுங்கள். ஸ்டட்டின் அடிவேரில் இருக்கும் வளையத் துருவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஸ்டட்டின் மேல் நுழையும் குழாய் வடிவ அரப்பு உருளையோ, உப்புத்தாளை நடுவில் ஓட்டை போட்டு ஸ்டட்டில் செருகி ஒரு சாக்கெட்டால் சுழற்றுவதோ நன்றாக வேலை செய்யும். கழுத்தும் முகமும் சேரும் மூலையைக் கூர்மையான ஊசியால் கிளறுங்கள். கடைசியில் விரல் நுனியை முகத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள், எங்கும் தட்டக்கூடாது. கிரைண்டரை மட்டும் கொண்டுவராதீர்கள். துருவோடு உலோகமும் போய் ஹப்பே கோணலாகிவிடும்.

இதே கவனம் டிஸ்க்கின் உள்முகத்துக்கும், சக்கரம் வந்து உட்காரும் டிஸ்க்கின் வெளிமுகத்துக்கும், ரிம்மின் உள்முகத்துக்கும் வேண்டும். அலாய் ரிம்மில் வெள்ளைப் பூப்பாக அரிப்பு இருக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த ரிம்மாக இருந்தால் ஹப்பைத் தொடும் முகத்தில் பெயின்ட் ஏறியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். துரு பிடிக்காமலிருக்க ஆன்டி சீஸ் பசை பூசுவதானால் நடுக் கழுத்தில் மட்டும், மெல்லியதாக. முகத்தில் பூசினால் தூசி பிடித்துப் புதிய மேடாகும். ஸ்டட்டின் மரைகளில் படவே கூடாது. வறண்ட மரைக்குச் சொன்ன அளவில் முடுக்கினால் நட்டு அதைவிட அதிகமாக இறுகிவிடும்.

இனி ஹப் முகத்தையே டயல் கேஜால் அளங்கள். ஓரத்துக்குச் சற்று உள்ளே, ஸ்டட்டுகளுக்கு வெளியே முனையை வையுங்கள். ஹப்பில் 0.03 மி.மீ. இருந்தால் டிஸ்க்கில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். 0.02-க்குள் இருந்தால் போதும். அதைத் தாண்டினால், குறிப்பாகப் பள்ளத்தில் பலமாக அடிபட்ட சக்கரத்தில், ஹப்பும் பேரிங்கும் சேர்த்து மாற்றும் நிலை வரலாம்.

ஓட்டை மாற்றி உட்காரவைப்பது

ஹப் சுத்தமாகிவிட்டது, ஆனாலும் டிஸ்க்கில் 0.08 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க்கை எடுத்து ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி, மீண்டும் ஒரே அளவில் முடுக்கி அளங்கள். சாக்பீஸ் குறிகள் இங்கேதான் பேசும். மேடு டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் டிஸ்க்கில் கோளாறு. மேடு ஹப்பின் அதே ஸ்டட் பக்கமே நின்றால் ஹப்பில் கோளாறு. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் ஒரு நிலையில் அவை கூடி 0.08 ஆகும், இன்னொரு நிலையில் ஒன்றையொன்று தின்று 0.03-க்கு இறங்கும். நான்கு ஸ்டட் என்றால் நான்கு நிலை, ஐந்து என்றால் ஐந்து. எல்லாவற்றையும் அளந்து, குறைந்த எண் வந்த நிலையில் அழியாத குறி போட்டுவிடுங்கள். பைசா செலவில்லாத வேலை இது. கால் மணி நேரம் போனாலும் வீண்போகாது.

டிஸ்க்கைப் பிடிக்கும் சின்ன ஸ்குரூ சில கார்களில் ஒரே நிலையில்தான் பொருந்தும். அது மாட்டும்போது டிஸ்க் விழாமல் பிடிப்பதற்குத்தான். இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள். ஆனால் டிஸ்க்கில் வேறு வழிகாட்டும் பின் இருந்தால் இந்த வழி கிடையாது. அப்போது சாய்வான திருத்தத் தகடுகள் கைகொடுக்கும். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே, மேட்டுக்கு எதிர்ப்பக்கம் தடித்த முனை வரும்படி வைப்பார்கள். உங்கள் காரின் ஸ்டட் அமைப்புக்கென்றே செய்த முழு வட்டத் தகடாக இருக்க வேண்டும். டப்பாவை வெட்டி நுழைப்பதெல்லாம் ஆபத்து.

சூடானால் மட்டும் உதறினால்

பெடலை அதிகம் தொடாமல் 10 கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சின் பிரேக்கிங்கிலேயே வேகம் குறைத்து நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரு முன் டிஸ்க்குகளிலும் ஒரே இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். எனவே எண்ணை நம்பாமல் இரு பக்க வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஒரு பக்கம் தெளிவாகக் கூடுதல் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்.

இறுக்கமாகச் சுற்றுகிறதென்றால், அந்த நிலையிலேயே காலிப்பரில் திரவத்தை வெளியே விடும் ப்ளீடர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து பாருங்கள். ஒரு பீச்சு திரவம் வந்து சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி மிதித்துப் பிடிக்கவைத்துவிட்டு, இம்முறை ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்துங்கள். இங்கேயும் விடுபட்டால் கோளாறு இன்னும் மேலே, பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். இங்கே விடுபடாமல் நிப்பிளில் மட்டும் விடுபட்டால் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஒருவழிக் கதவாகிவிட்டது. வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும். இரு பக்க ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். வேலை முடிந்ததும் பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க மறக்கக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டர் என்றால் இரண்டு முன் சக்கரங்களுமோ நான்குமோ இறுகும். பெடலுக்குப் பலம் கூட்டும் பூஸ்டரின் தள்ளுகோலுக்கு இடைவெளி இல்லாமல் மாட்டியிருந்தால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, சூட்டில் விரியும் திரவம் டேங்குக்குத் திரும்ப வழியிருக்காது. மாஸ்டர் சிலிண்டரோ பூஸ்டரோ மாற்றியபின் தொடங்கிய பிரச்சினை என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் இயந்திரப் பிடிப்பு. ஸ்லைடு பின்களை விரலால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள், எளிதாக நகர வேண்டும். ஒரு பின் இறுகியிருந்தால் உள் பேடுக்கும் வெளி பேடுக்கும் தேய்மானம் தெளிவாக வேறுபடும். அல்லது ஒரே பேடு ஆப்பு வடிவில் தேய்ந்திருக்கும். பின்னையும் அது நுழையும் ஓட்டையையும் சுத்தம் செய்து, சிலிகான் அடிப்படையிலான பிரேக் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி, சில மாதத்தில் முன்பைவிட இறுகும். "போன தடவைதான் கிரீஸ் போட்டோம், மறுபடி பிடிக்கிறது" என்ற புகாருக்கு இது ஒரு வழக்கமான காரணம். ரப்பர் உறை கிழிந்திருந்தால் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு பின்களில் ஒன்றில் ரப்பர் வளையம் இருந்தால் அது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள்.

பேடு உட்காரும் மெல்லிய எஃகு கிளிப்புகளின் அடியிலும் பாருங்கள். பிராக்கெட்டில் ஏறிய துரு கிளிப்பைத் தூக்கி, பேடின் காதை நெருக்கும். கிளிப்பைக் கழற்றி அடியை அரம் போட்டுச் சுத்தம் செய்து புது கிளிப் போடுங்கள். பேடு கையால் தள்ளினால் நழுவ வேண்டும், சுத்தியல் தேவைப்படக் கூடாது.

பிஸ்டனைத் திருப்பித் தள்ளும்போது சீராகப் போக வேண்டும். தூசி உறைக்கு அடியில் பிஸ்டனில் துருப்பள்ளம் இருந்தால் சீல் மட்டும் மாற்றுவது நாள் கடத்தும் வேலை. பிஸ்டனும் சீலும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையேல் காலிப்பரையே.

பின் டிரம்

25-30 கி.மீ. வேகத்தில், வண்டியோ ஆளோ இல்லாத நேர் சாலையில், ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழுத்து விடுங்கள். சீட்டில் துடிப்பு வந்தால் டிரம் ஓவலாகியிருக்கிறது. வளைவிலோ ஈரத்திலோ இதைச் செய்யவே கூடாது. பின் டிஸ்க்குக்குள் தனி சின்ன டிரம் வைத்த கார்களில் இந்தச் சோதனை அந்தச் சின்ன டிரம்மை மட்டுமே காட்டும், டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்து நிறுத்துவது ஓவலாவதற்கு ஒரு காரணம். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு சமதளத்தில் கியரில் போட்டு, கட்டை கொடுத்து ஆறவிடுவது மேல். குறுக்கும் நெடுக்குமாக உள்விட்டத்தை அளந்து 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சீவலாம். டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது.

எண்கள் எல்லாம் சரி, உதறல் போகவில்லை

சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14, 15 முறை சுற்றுகிறது. முன் சஸ்பென்ஷன் தானாக ஆடத் துடிக்கும் அதிர்வெண்ணும் இந்தப் பக்கம்தான். அதனால்தான் உதறல் 80-க்கும் 110-க்கும் நடுவே உச்சத்தில் இருந்து, அதற்குக் கீழே மறைகிறது. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், புதிய காரில் தெரியவே தெரியாத சின்ன வித்தியாசம் கூட இங்கே பெரிதாகும். கடப்பாறையால் புஷ்ஷை நெம்பிப் பாருங்கள், ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தால் தெரியும். பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, ஸ்டீயரிங் ராக்கைப் பிடிக்கும் புஷ் ஆகியவற்றையும் ஒருவர் ஸ்டீயரிங்கை அசைக்க, இன்னொருவர் கீழே கைவைத்து உணர வேண்டும். ஆனால் வரிசை முக்கியம். டிஸ்க்கைச் சரி செய்யாமல் புஷ் மட்டும் மாற்றினால் உதறல் ஒளிந்துகொள்ளும், டிஸ்க் தொடர்ந்து தேயும்.

சீவுவதா, மாற்றுவதா

டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டிய எல்லை, சீவி முடித்தபின் அதைவிடக் கூடுதலாக மிஞ்ச வேண்டும். அதைத் தொடும் நிலைக்கு வந்திருந்தால் பேச்சே இல்லை, மாற்றுங்கள், இரு பக்கமும் சேர்த்து. தடிமன் இருந்தால், வண்டியிலேயே பொருத்திச் சீவும் இயந்திரம்தான் நல்லது. ஹப்பின் சாய்வையும் சேர்த்தே அது நேராக்கிவிடும். அப்படிச் சீவிய டிஸ்க்கை மறுபடி கழற்றினால் அதே ஸ்டட்டில்தான் மாட்ட வேண்டும். தனியாகக் கழற்றி லேத்தில் சீவினால், லேத்தின் அச்சுக்கு நேராக வருமே தவிர உங்கள் ஹப்புக்கு நேராக வரும் என்று சொல்ல முடியாது.

மாட்டுவதும் பதப்படுத்துவதும்

புது டிஸ்க்கில் துருத் தடுப்பு எண்ணெய் இருக்கும். இரு முகத்தையும் பிரேக் கிளீனரால் துணி கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். பழைய பேடைப் புது டிஸ்க்கோடு சேர்க்காதீர்கள். மாட்டியபின் ஒரு முறை ரன் அவுட் அளந்து, எண்ணை எழுதிவையுங்கள். வீல் நட்டுகளைக் கையால் ஓட்டி, நட்சத்திர வரிசையில், பாதி அளவுக்கு ஒரு சுற்று, முழு அளவுக்கு இன்னொரு சுற்று என்று டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். சாதாரண கார்களில் இது பெரும்பாலும் 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காருக்கான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். அலாய் ரிம் என்றால் 50-100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள், உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்பி வரும்வரை மிதி வெறுமையாகப் போகும்.

பிறகு பதப்படுத்துவது: 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாக, முழுதாக நிற்காமல், எட்டுப் பத்து முறை மிதியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடமாவது சும்மா ஓட்டுங்கள். முடிந்ததும் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். முதல் 300 கிலோமீட்டருக்கு அவசரம் தவிர வேறெதற்கும் ஓங்கி மிதிக்க வேண்டாம்.

உதறல் இல்லாவிட்டாலும் 3,000 கிலோமீட்டரில் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி எட்டு இடத் தடிமனை அளந்து, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். எதிரெதிரே இரண்டு இடம் மட்டும் 0.005 மி.மீ. அளவுக்கு மெலியத் தொடங்கியிருந்தால் ரன் அவுட் எங்கோ மிச்சம் இருக்கிறது. பெடலில் தெரிய இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். அதற்குள் ஹப் முகத்துக்குத் திரும்பப் போய் ஸ்டட் அடிவேர்களிலிருந்து தொடங்குங்கள்.